ஆயா சோபியாவில் ஒரு முற்பகல்



கி. பி. ஆறாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரத்தில் கொஸ்மாஸ் என்னும் பெயருடைய வணிகர் ஒருவர் இருந்தார். கடல் வாணிபத்தில் உழன்ற அவர், ஏறக்குறைய 550ஆம் ஆண்டளவில் ஒரு நூல் எழுதினார். உலகம் தட்டையான பெட்டி போன்றது என்று நிறுவுவதே அந்நூலின் நோக்கம். அந்த நோக்கம் என்னவாயிற்று என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அதே நூலில் எங்கள் தீவைப்பற்றி அவர் எழுதிய சில பக்கங்கள் இன்றும் வரலாற்று மாணவர் தேடிப் படிக்கும் பகுதியாக விளங்குகின்றன. இங்கே பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய கிறித்தவர்களுக்கு ஒரு தேவாலயம் உண்டென்றும், நாட்டு மக்களும் அரசர்களும் வேறு சமயத்தவர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். 1912ஆம் ஆண்டில் அனுராதபுரத்தில் அகழ்ந்தெடுத்த கற்சிலுவையை அறிந்தவர்கள் இக்கூற்றைப் பொய்யென்று தள்ளமாட்டார்கள்.

அந்நூலில் ஒரு கதையும் வருகிறது. சொபத்திரோஸ் என்னும் உரோம வணிகனும் ஒரு பாரசீகனும் எங்கள் அரசன் முன்னிலையில் நின்று, தத்தம் மன்னனே பெரியவன் என்று வாதிட்டனராம். உரோமன் அரசனிடம், "இரு மன்னரின் நாணயங்களையும் பார்த்து நீரே தீர்ப்புச் சொல்லும்" என்றானாம். உரோம நாணயம் பொன். பாரசீக நாணயம் வெள்ளி. தீர்ப்பு எவ்வாறு அமைந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். கதையைச் சொன்னவரும் உரோமப் பேரரசின் குடி என்பதை நாம் மறந்துவிடலாகாது!

இங்கே உரோமர் என்றது இத்தாலிய நாட்டு உரோமாபுரியாரை அன்று. கொன்ஸ்தாந்திநோபிள் என்னும் மாநகரிலிருந்து ஆண்ட கீழை உரோமரையே அச்சொல் குறித்தது. "பைசாந்தியர்" என்பது பிற்காலத்தார் அவர்களுக்கு இட்ட பெயர். கொஸ்மாஸ் தம் நூலை எழுதிய நாளில் அம்மாநகரின் நடுவே ஒரு தேவாலயம் புத்தம்புதிதாக நின்றது. அது திறக்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கிரேக்க மொழியில் அதற்கு "புனித ஞானம்" என்று பொருள்படும் ஹாகியா சோபியா என்று பெயர். துருக்கியர் நாவில் அது ஆயா சோபியா ஆயிற்று. இன்றைக்கு இஸ்தான்புல் எனப்படும் அந்நகரில், அக்கட்டடத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

உடன் வந்தவர் மருதமுனையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். என்னினும் சில ஆண்டு மூத்தவர். நெடுநாள் ஒன்றாகப் பணியாற்றியவர். நான் தம்பிலுவில்லைச் சேர்ந்தவன். எங்கள் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரே கடற்கரைச் சாலைதான். அதில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். அந்தச் சாலையில் முப்பது ஆண்டுகளாகப் பேருந்தில் அருகருகே அமர்ந்து சென்ற எங்களுக்கு, ஆயா சோபியாவின் முற்றத்திலே ஒரு புதுமை காத்திருந்தது. அவருக்கு ஒரு வாயில். எனக்கு வேறொரு வாயில்.

அதைச் சொல்லுமுன் கட்டடத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

532ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் கொன்ஸ்தாந்திநோபிளில் பெருங்கலகம் மூண்டது. தேரோட்டப் பந்தயத்துக் கட்சிகள் இரண்டும் ஒன்றுசேர்ந்து பேரரசர் யுஸ்தீனியனுக்கு எதிராக எழுந்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தது. அங்கிருந்த பழைய தேவாலயமும் எரிந்தது. கலகத்தை இரத்த வெள்ளத்தில் அடக்கிய பேரரசர், அடுத்த மாதமே புதிய ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். திராலெஸ் ஊரவராகிய அந்தேமியுஸ், மிலேத்தஸ் ஊரவராகிய இசிதோர் என்னும் இருவரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. இருவரும் கணிதத்தில் வல்லவர்கள். 537ஆம் ஆண்டு திசெம்பர் 27ஆம் நாள் ஆலயம் திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்கும் குறைந்த காலம்! எங்கள் பகுதியில் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு அத்திவாரம் இட்டுக் கூரை வேய்வதற்கு அதனினும் நீண்ட காலம் சென்றதை நான் அறிவேன்.

அக்கட்டடத்தின் பெருமை அதன் குவிமாடத்திலே தங்கியுள்ளது. குறுக்களவு ஏறத்தாழ 31 மீற்றர். தரையிலிருந்து உச்சிவரை ஏறத்தாழ 55 மீற்றர். ஆனால் அளவு பெரிதன்று; அது நிற்கும் விதமே பெரிது. கீழே நான்கு தூண்கள் ஒரு சதுரமாக அமைந்துள்ளன. மேலேயிருப்பது வட்டம். சதுரத்தின்மீது வட்டத்தை எவ்வாறு வைப்பது? இதை என் மாணவர்களுக்கு நான் தேங்காய்ச் சிரட்டையைக்கொண்டு விளக்குவதுண்டு. பாதிச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். அதன் விளிம்பைத் தொடுமாறு உள்ளே ஒரு சதுரம் வரைந்து, அச்சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் சிரட்டையை நேர்குத்தாக அரிந்துவிடுங்கள். நான்கு பக்கமும் நான்கு வளைவுகள் தோன்றும். இனி அவ்வளைவுகளின் உச்சி மட்டத்தில் மேற்பகுதியைக் கிடையாக அரிந்தெடுங்கள். எஞ்சுவது நான்கு வளைந்த முக்கோணங்கள். அவற்றின் மேல்விளிம்பு ஒரு முழு வட்டம். அவ்வட்டத்தின்மேலே குவிமாடம் ஏறி அமர்கிறது. அதன் அடிப்பகுதியில் நாற்பது சாளரங்கள். காலை வெயில் அவற்றினூடே பாயும்போது, மாடத்துக்கும் சுவருக்கும் தொடர்பே இல்லாதது போன்ற மயக்கம் உண்டாகிறது.

முதலிற் கட்டிய மாடம் தாழ்ந்ததாய், மிகுந்த பக்க அழுத்தம் உடையதாய் இருந்தது. நிலநடுக்கங்களால் தளர்ந்து 558இல் இடிந்தது. இசிதோரின் மருமகனாகிய இளைய இசிதோர் அதனை மேலும் உயர்த்திக் கட்டினார். 562இல் மீண்டும் திறப்புவிழா. அப்போதும் யுஸ்தீனியன் உயிருடன் இருந்தார்.

ஆலயமாக அது 916 ஆண்டுகள் விளங்கியது. அந்நெடுங்காலத்தில் அது கண்ட கொடிய நாள் எது என்று வினவினால், பலர் 1453 என்பர். நான் 1204 என்பேன். அவ்வாண்டு சிலுவைப்போர் வீரர்கள், அதாவது மேற்கு நாட்டுக் கிறித்தவர்கள், இக்கிறித்தவ நகரைச் சூறையாடினர். ஆலயத்துள்ளே கோவேறு கழுதைகளைக் கொண்டுவந்து பொன்னையும் வெள்ளியையும் ஏற்றினர் என்று அக்காலத்தவராகிய நிகேத்தாஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அப்படையை நடத்திவந்தோருள் ஒருவர் வெனிஸ் நகரத்துத் தலைவர் எந்றிக்கோ தந்தோலோ. 1205இல் இறந்த அவரை அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தனர். மேன்மாடத் தரையில் அவர் பெயர் பொறித்த கல் ஒன்று உண்டு. அது பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பதித்தது.

1453ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் இருபத்தொரு வயதினரான சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைக் கைப்பற்றினார். அந்நாளைய போர்வழக்கின்படி நகரம் கொள்ளைக்கு விடப்பட்டது. ஆலயத்துள் தஞ்சம் புகுந்திருந்தோர் சிறைபிடிக்கப்பட்டனர். சுல்தான் அதனைப் பள்ளிவாசலாக்கினார். சூன் முதலாம் நாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடந்தது. அது முதல் 481 ஆண்டுகள் பள்ளிவாசல். அக்காலத்திலே கட்டடத்தைப் பேணிக் காத்தவர்கள் உதுமானியரே என்பதையும் சொல்லவேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் சினான் என்னும் மாபெருங் கட்டடக் கலைஞர் முட்டுச்சுவர்கள் எழுப்பிச் சாயவிருந்த சுவர்களைத் தாங்கியிராவிடின், இன்று நாங்கள் கற்குவியலைத்தான் கண்டிருப்போம். 1847 முதல் 1849 வரை பொசாத்தி என்னும் சுவிற்சர்லாந்துச் சகோதரர் இருவர் சுல்தானின் ஆணைப்படி பழுதுபார்த்தனர். சுண்ணச் சாந்தின் கீழே மறைந்துகிடந்த கிறித்தவச் சித்திரங்கள் அப்போது வெளிப்பட்டன. அவற்றை வரைந்துகொண்டு மீண்டும் மூடிவிட்டனர். அல்லாஹ், நபிகள், நான்கு கலீபாக்கள், நபிகளின் பேரர் இருவர் ஆகியோரின் திருப்பெயர்களை எழுதிய எட்டுப் பெரிய வட்டப் பலகைகள் தொங்கவிடப்பட்டதும் அப்போதுதான். ஒவ்வொன்றும் ஏழரை மீற்றர் குறுக்களவு.

துருக்கி குடியரசாகிய பின், 1934 நவம்பர் 24ஆம் நாள் மந்திரிசபை அதனை அரும்பொருட்சாலையாக்கத் தீர்மானித்தது. 1935இல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தோமஸ் விற்றெமோர் என்னும் அமெரிக்கர், 1931 முதலாகவே, சாந்தைச் சிறுகச் சிறுகச் சுரண்டியெடுத்துப் பழைய சித்திரங்களை வெளிக்கொணர்ந்துகொண்டிருந்தார். 2020 யூலை 10இல் துருக்கியின் உயர் நிர்வாக நீதிமன்றம் 1934ஆம் ஆண்டுத் தீர்மானத்தைச் செல்லாதென்றது. அதே மாதம் 24ஆம் நாள் மீண்டும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நடைபெற்றது. தொடக்கத்தில் எல்லோரும் ஒரே வாயிலாற் சென்று கீழ்த்தளத்தைக் கண்டனர். 2024 சனவரி முதல் ஒழுங்கு மாறியது. தொழ வருவோருக்குக் கீழ்த்தளம், கட்டணமில்லை. பிறநாட்டுப் பார்வையாளருக்கு மேன்மாடம் மட்டும். கட்டணம் 25 யூரோ. எமது பணத்தில் எண்ணாயிரம் ரூபாவிற்கு மேல்.

இவ்வாறுதான் நாங்கள் முற்றத்திலே பிரிந்தோம். "சேர், நீங்க மேலே போங்க, நான் இரண்டு றக்அத் தொழுதுவிட்டு இவ்விடத்திலேயே நிற்பேன்" என்று சொல்லி, நண்பர் தொழுவோர் வரிசையில் நடந்தார்.

மேன்மாடத்திற்குப் படிகள் இல்லை. கல் பாவிய சாய்வழி, இருளாய்ச் சுழன்று ஏறுகிறது. ஏறி முடிந்ததும் கண்முன்னே திடீரென்று ஆகாயம் உள்ளே வந்துவிட்டாற்போல அந்த வெளி. நான் கைப்பிடிச் சுவரருகே நின்று நெடுநேரம் கீழே நோக்கினேன். பளிங்குத் தரை முழுவதும் நீலப்பச்சைக் கம்பளம். அதன்மீது மனிதர்கள் எறும்பளவினர். அவர்களுள்ளே மருதமுனைச் சாரக் கட்டினையும் வெண்தொப்பியையும் கண்டு என் நண்பரை அடையாளங்கொண்டேன். அவர் குனிந்ததும், நெற்றி நிலத்திற் பட அமர்ந்ததும் தெரிந்தன. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் அவர் தொழுவதை எத்தனையோ முறை பாடசாலையிற் கண்டிருக்கிறேன். ஒருமுறையேனும் உயரத்தில் நின்று கண்டதில்லை. பணம் கொடுத்துப் பார்ப்பவனாகக் கண்டதும் இல்லை. அது எனக்கு ஏனோ உவப்பாயிருக்கவில்லை.

தொழும் திசைக்கு நேரே, கீழைப் புறத்து அரைமாடத்தின் உட்புறத்தில் மரியன்னை குழந்தை இயேசுவை மடியிலிருத்திய பொற்சித்திரம் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. கீழே தொழுவோர் கண்ணிற் படாதவாறு அதன்முன்னே துகில் தொங்கவிட்டிருக்கின்றனர். மேன்மாடத்தின் ஒரு கோணத்தில் நின்றாலோ துகிலுக்கு அப்பால் அதன் ஒரு பகுதி தெரிகிறது. தொழுபவர் அதைக் காணார், நான் கண்டேன். நான் கால்வைக்க இயலாத கம்பளத்தில் அவர் நெற்றியை வைத்தார்.

மேன்மாடத்திற் காணத்தக்கன பல. இயேசுவின் இருபுறமும் மரியன்னையும் அருளப்பரும் மானுடருக்காக மன்றாடி நிற்கும் சித்திரம் ஒன்று. கீழ்ப்பாதி முழுவதும் உதிர்ந்துபோயிற்று. எஞ்சிய மூன்று முகங்களுக்காக மட்டுமே எண்ணாயிரம் ரூபாவைக் கொடுக்கலாம். மற்றொன்று பேரரசி சோயியின் சித்திரம். அவ்வம்மையார் மூன்றுமுறை மணந்தவர். கணவர் மாறியபோது, சித்திரத்திலும் கணவரின் தலையையும் பெயரையும் மாற்றிப் பதித்திருக்கின்றனர்! இன்னொரு பக்கத்துப் பளிங்குக் கைப்பிடியிலே வடபுலத்துக் கூலிவீரன் ஒருவன், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கத்திமுனையால் தன் பெயரைக் கீறியிருக்கிறான். நீண்ட பூசை நேரத்தில் பொழுதுபோகாமற் செய்திருப்பான் போலும். மேசைகளிற் பெயர் வெட்டும் மாணவர்களை ஆண்டாண்டாகத் தண்டித்துவரும் எனக்கு, அதனைக் கண்ணாடியிட்டுக் காப்பதைக் கண்டு நகைப்பு வந்தது.

வானொலி நேயர்களுக்கு நான் சிறப்பாகச் சொல்லவேண்டியது அங்குள்ள ஒலியைப்பற்றி. அம்மண்டபத்தில் எழுப்பிய ஓர் ஓசை அடங்குவதற்குப் பத்து வினாடிக்கு மேற் செல்லும். அமெரிக்க ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், அது அரும்பொருட்சாலையாயிருந்த காலத்தில், உள்ளே காற்றடைத்த பலூன்களை வெடிக்கச்செய்து அவ்வெதிரொலியைப் பதிவுசெய்தனர். பின்னர் அதனைக் கணினியிற் கணித்து, தங்கள் நாட்டு மண்டபத்திற் பாடும் பாடகர்களின் குரல் ஆயா சோபியாவிற் பாடியது போல ஒலிக்கச்செய்தனர். 1453இற்குப் பின் அங்கே ஒலிக்காத கிரேக்கப் பாசுரங்கள் இவ்வாறு மீண்டும் கேட்கலாயின. நான் நின்ற வேளையில் கேட்டது ஒருவர் கீழே மெல்ல ஓதிய குர்ஆன் வசனம். ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் எழ, இரண்டும் மாடத்திற் கலந்து, எவர் வாயிலிருந்து வந்ததென்று தெரியாதபடி ஓர் இழையாய்ப் படர்ந்தன. அந்தத் தொனிக்காகவே கட்டியது போலிருந்தது. கிரேக்கப் பாசுரத்தைக் கேட்டிருந்தாலும் இவ்வாறே எண்ணியிருப்பேன்.

வெளியே வந்து இருவரும் ஒரு தேநீர்க்கடையில் அமர்ந்தோம். துருக்கியர் தேநீருக்குப் பால் சேர்ப்பதில்லை. இது எங்கள் இருவருக்கும் ஒருங்கே வருத்தந் தந்தது. அப்போது எதிரேயுள்ள சுல்தான் அகமது பள்ளிவாசலிலிருந்து பாங்கொலி எழுந்தது. ஒரு வரி முடிந்ததும் ஆயா சோபியாவின் கோபுரம் அடுத்ததைச் சொல்லிற்று. மாறிமாறி இரண்டும் விடையிறுத்துக்கொண்டன.

துருக்கி என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் முதியோருக்கு ஒரு தனி வாஞ்சை உண்டு. துருக்கித் தொப்பியே அதற்குச் சான்று. 1905ஆம் ஆண்டில் எம். சி. அப்துல் காதர் என்னும் நியாயவாதி அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்திற் தோன்றியபோது அனுமதி மறுக்கப்பட்டது. இலங்கை முஸ்லிம்கள் ஒன்றுதிரண்டு கிளர்ந்து அவ்வுரிமையை வென்றனர். துருக்கி நாடோ 1925இல் அதே தொப்பியைச் சட்டத்தால் விலக்கிற்று! நண்பர் இதனை நினைவூட்டிச் சிரித்தார்.

நான் என் மனத்திலிருந்ததைச் சொன்னேன். "சேர், அரும்பொருட்சாலையாயிருந்த எண்பத்தைந்து ஆண்டுகளே இதற்கு நல்ல காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவருக்கும் உரியதன்று, ஆகவே எல்லோருக்கும் உரியது."

"அப்படியானால் ஒருவருமே தொழக்கூடாது என்பதுதான் எல்லோருக்கும் உரியது என்பதன் பொருளா, சேர்?" என்று அவர் கேட்டார். "கோயிலைப் பூட்டி வைத்து, சிலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் நீங்கள் மகிழ்வீர்களா?"

அந்தக் கேள்விக்கு எளிதில் விடை சொல்லவியலாது. நான் மௌனமாயிருந்தேன். சிறிது நேரஞ் சென்று அவரே தொடர்ந்தார். கி. பி. 637ஆம் ஆண்டளவில் கலீபா உமர் யெரூசலேமுக்கு வந்தபோது, கிறித்தவ குரு முதல்வர் அவரைத் தம் பெரிய ஆலயத்துள்ளே தொழும்படி அழைத்தார் என்றும், உமர் மறுத்து வெளியே தொழுதார் என்றும் ஒரு வரலாறு உண்டு. "நான் உள்ளே தொழுதால், உமர் தொழுத இடமென்று சொல்லிப் பின்வருவோர் உங்கள் ஆலயத்தை எடுத்துக்கொள்வர்" என்பது அவர் சொன்ன காரணம். இக்கதையை எழுதிவைத்தவரும் பத்தாம் நூற்றாண்டுக் கிறித்தவ குருவே. "தொழுது எழுந்தபோது எனக்கு அந்த நினைவுதான் வந்தது, சேர்" என்றார் நண்பர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்விடத்தில் ஒரு மதத்தவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. ஸ்பெயின் தேசத்துக் கோர்தோபா நகரின் பெரும்பள்ளிவாசல் 1236இலே கிறித்தவ ஆலயமாயிற்று. இன்றும் அவ்வாறே இருக்கிறது. முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. எங்கள் தமிழ்நாட்டிலேயே, மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலையிலே, தீர்த்தங்கரர் உருவங்களைப் பாறையிற் செதுக்கிய சமணப்பள்ளி பின்னாளிற் பகவதி கோயிலாயிற்று. உருவங்களை எவரும் உடைத்தெறியவில்லை என்பது ஓர் ஆறுதல். ஆயினும் சமணர் எங்கே போயினர் என்று எவரும் கேட்பதில்லை.

எங்கள் கரையோரத்தில் கட்டடங்கள் கைமாறியதைவிடக் கொடியவை நிகழ்ந்தன. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். தமிழரின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர் அதனைச் செய்தனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலிலே தஞ்சமடைந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். அம்மாதத்திற்குப் பின் எங்கள் கடற்கரைச் சாலையிற் பேருந்துகள் நெடுநாள் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது, அருகருகே அமர்வதற்கு எங்களுக்கும் சில நாள் சென்றது. இஸ்தான்புல் தேநீர்க்கடையிலே நாங்கள் இதைப்பற்றிப் பேசிக்கொண்டோம். முப்பது ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறை பேசினோம். அங்கே எங்களை அறிந்தவர் எவரும் இல்லாதது ஒரு வசதியாயிருந்தது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்தபின் இருவரும் திருகோணமலைக்குச் செல்வதென்று முடிவுசெய்தோம். அங்குள்ள கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை கட்டினர். 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளாக்கும் பாறையடிக் கடலில் மூழ்கி அவ்வாலயத்தின் எச்சங்களைக் கண்டனர். இன்றைய ஆலயத்துக்குக் கோட்டையினூடேதான் வழி. நாங்கள் சென்ற நாளிற் புள்ளிமான்கள் பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தன. கோட்டை வாயிலின் கல்லிலே மீன் இலச்சினையும் சில தமிழெழுத்துகளும் பொறித்த கல்லொன்று கட்டிடத்தோடு கட்டிடமாய்ச் சேர்ந்திருக்கிறது. பாண்டியர் இலச்சினை என்பர். எத்தனையோ முறை அவ்வழியே சென்றிருந்தும் நான் அதனை நின்று பார்த்ததில்லை. நண்பரே சுட்டிக் காட்டினார். தமக்குத் தெரிந்த தமிழெழுத்துகளை ஒவ்வொன்றாய் உரக்கப் படித்துக்கொண்டு அவர் நிற்க, பின்னால் வந்த யாத்திரிகரும் நின்று படிக்கலாயினர். வாயிலில் நெரிசல் உண்டாகவே, காவலர் வந்து எங்களை நகரச் சொன்னார்.